ஊசி போட்டாச்சு, பேப்பர்தான் இல்ல

கேள்வி: அக்கா, யுனிவர்சிட்டில சேர தடுப்பூசி ப்ரூஃப் கேக்குறாங்க. சின்ன வயசு கார்டு தண்ணி பட்டு பாதி அழிஞ்சிருச்சு. மூணு தடவை அப்லோட் பண்ணி மூணும் ரிஜெக்ட். மொதல்ல தேதி தெளிவா இல்ல, அப்புறம் டாக்டர் சீல் இல்ல, இப்ப மம்ப்ஸ் (பொன்னுக்குவீங்கி) ஊசி எங்கன்னு கேக்குறாங்க. இது முடியாம கோர்ஸ் ரெஜிஸ்டர் பண்ண முடியாதாம். எல்லாம் போட்டோம்னு அம்மா அடிச்சு சொல்றாங்க. அழுகையா வருது.

பதில்: அழுகை வராம என்ன செய்யும்மா, அம்மா உன்னைத் தூக்கிட்டு அலைஞ்சு போட்ட ஊசி, இன்னைக்கு யுனிவர்சிட்டில அத போடவே இல்லங்கிற மாதிரி பேசுறாங்க. ஒரே தடவைல எல்லா குறையையும் சொல்லாம ஒவ்வொண்ணா சொல்லி உன்னை அலைக்கழிக்கிறது ரொம்ப தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

ஆனா அந்த கார்டோட மல்லுக்கட்டுறத இத்தோட விட்டுடு. அதுல எம்ஆர்னு இருக்கா பாரு, அது தட்டம்மை, ரூபெல்லா மட்டும்தான், மம்ப்ஸும் சேர்ந்தது எம்எம்ஆர். அதோட ஒரு வயசு முடியுறதுக்கு முன்னாடி போட்ட டோஸை பல இடத்துல கணக்குலயே எடுக்க மாட்டாங்க. அப்ப எவ்வளவு நல்லா ஸ்கேன் பண்ணாலும் அது தேறாது.

உன் ரத்தத்துலயே ப்ரூஃப் இருக்கலாம். டைட்டர்னு சொல்வாங்க, லேப்ல போய் தட்டம்மை, மம்ப்ஸ், ரூபெல்லா மூணுக்கும் ஐஜிஜிங்கிற எதிர்ப்புசக்தி டெஸ்ட் வேணும்னு கேளு, எதிர்ப்புசக்தி இருந்தா ரிப்போர்ட்ல வந்துரும். நிறைய யுனிவர்சிட்டி இத ஏத்துக்குது, ஆனா சில இடத்துல வெறும் பாசிட்டிவ்னு போட்டா பத்தாது, நம்பரும் வேணும்பாங்க, அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஹெல்த் ஆபீஸ்ல கேட்டுக்கோ.

டைட்டர்ல எதாச்சும் ஒண்ணு நெகட்டிவ்னு வந்தாலோ அவங்க டைட்டரை ஏத்துக்கலன்னாலோ மறுபடி எம்எம்ஆர் ஊசியே போட்டுக்கோ. ஏற்கனவே போட்டிருந்தாலும் கூட ஒரு டோஸ் போடுறதால கெடுதல் இல்ல, ஆனா இது உயிருள்ள கிருமியை பலவீனமாக்கி செஞ்ச ஊசி, அதனால கர்ப்பமா இருந்தாலோ எதிர்ப்புசக்தி குறையுற மருந்து எடுத்தாலோ டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிடணும். ரெண்டு டோஸுக்கு நடுவுல குறைஞ்சது 28 நாள் வேணும், இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க, நாளை மறுநாள்னு தள்ளாம இந்த வாரமே ஆரம்பி.

டிபி டெஸ்டும் கேட்டிருந்தா அத எம்எம்ஆருக்கு முன்னாடியோ அதே நாள்லயோ பண்ணிடு, விட்டுட்டா நாலு வாரம் காத்திருக்கணும், ஏன்னா ஊசிக்கு அப்புறம் ரிசல்ட் தப்பா நெகட்டிவ் காட்டலாம். பிசிஜிங்கிற டிபி தடுப்பூசி போட்ட தழும்பு கையில இருந்தா தோல் டெஸ்ட் சும்மாவே பாசிட்டிவ் ஆகலாம், அதனால இக்ராங்கிற டிபி ரத்த டெஸ்ட் பண்ணுங்கன்னு கேளு, பிசிஜியால அது குழம்பாது.

யுனிவர்சிட்டி குடுத்த ஃபார்மையே ப்ரிண்ட் எடுத்துட்டுப் போய் டாக்டரையே நிரப்ப வச்சு கையெழுத்து, சீல் ரெண்டும் வாங்கு. பேரு பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே இருக்கட்டும். மாசத்தை எழுத்துல எழுதச் சொல்லு, 05/06ன்னு போட்டா அது மே மாசமா ஜூன் மாசமான்னு அதுக்கு ஒரு ரிஜெக்ட் வரும்.

இன்னைக்கே ஹெல்த் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடு. இதுவரைக்கும் வந்த மூணு ரிஜெக்டையும் தேதியோட எழுதி, இன்னும் என்னென்ன குறைன்னு மொத்தமா சொல்லுங்க, மொத டோஸ் போட்டு ரெண்டாவதுக்கு தேதி வாங்கிட்டா அதுவரைக்கும் தற்காலிகமா ரெஜிஸ்டர் பண்ண விடுவீங்களான்னு நேரடியா கேளு. ரெண்டு நாள்ல பதில் வரலன்னா அட்மிஷன் ஆபீஸையும் காப்பில போட்டு திரும்ப அனுப்பு.