பிள்ளைகளோடு முதல் மாடித்தோட்டம்: கேள்வி பதில்

ஆடிப்பட்டம் வருகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்க, முதல் தடவையாகக் காய்கறி போடப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள பைக்கு.

அக்கா, பொண்ணுக்கு 8 வயசு, பையனுக்கு 4. மொட்டை மாடி இருக்கு. இருபது பை வாங்கி எல்லாக் காயும் ஒண்ணாப் போட்டுடலாமா?

ஐந்து பையோடு நிறுத்துங்கள். இருபது பைக்கு மண் கலந்து முடிப்பதற்குள் பிள்ளைகளும் சோர்ந்துவிடுவார்கள், நீங்களும் சோர்ந்துவிடுவீர்கள். இரண்டு பையில் கீரை, ஒன்றில் வெண்டை, ஒன்றில் கொத்தவரை, ஒன்றில் மிளகாய் நாற்று. கீரையை விடாதீர்கள். நான்கு வயதுப் பையனுக்கு இரண்டு மாதக் காத்திருப்பு என்றால் என்னவென்றே தெரியாது. சிறுகீரை மூன்று நான்கு நாளில் முளை காட்டும், 25 நாளில் சட்டிக்கு வந்துவிடும். அந்தத் தெம்பில்தான் வெண்டைக்கு 45 நாள் பொறுப்பான்.

ஆளுக்கொரு பை பிரித்துக் கொடுங்கள். பெண்ணுக்கு வெண்டை பொருத்தம். விதையை இரவு ஊறவைத்துக் காலையில் அரை அங்குல ஆழத்தில் மூன்று விதை ஊன்றச் சொல்லுங்கள். முளைத்தபின் திடமான ஒன்றை விட்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். வெண்டைப்பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். பூத்த அன்று காம்பில் ஒரு நூலைக் கட்டி, தேதி எழுதிய சீட்டைத் தொங்கவிடட்டும். ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பதம். அதற்கு மேல் விட்டால் முற்றி நாராகிவிடும் என்பதை அவளே விரலால் நுனியை ஒடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். வெண்டை இலையின் சுணை சில பிள்ளைகளுக்கு அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்.

செம்மண் மட்டும் போட்டேன். பத்து நாள்ல கல்லு மாதிரி இறுகிப்போச்சு. என்ன கலக்கணும் மேடம்?

செம்மண் 2 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மட்கிய சாணம் 1 பங்கு. மேலே இரண்டு அங்குலம் இடம் விட்டால் ஒரு பைக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கலவை பிடிக்கும். அதாவது மண் 9 லிட்டர், மற்ற இரண்டும் நாலரை நாலரை லிட்டர். பெயின்ட் வாளியால் அளந்து போடும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், பங்குக் கணக்கு தானாக வந்துவிடும்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்துவிடுகிறார்கள். அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். வடியும் தண்ணீரின் பழுப்பு நிறம் போய்த் தெளியும்வரை அலசிப் பிழிய வேண்டும், பெரும்பாலும் இரண்டு மூன்று அலசல். இல்லாவிட்டால் இலை ஓரம் கருகும். இரண்டாவது, பச்சைச் சாணம். அது பையில் புளித்துச் சூடாகி வேரைக் கெடுக்கும், வெள்ளைப் புழுவும் வைக்கும். மட்கிய சாணம் என்றால் மண் வாசனைதான் வரும், சாண நாற்றம் வராது.

பைக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்குத் தூளையும் கலந்து, ஈரம் தெளித்து, ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வைத்துவிட்டு அப்புறம் விதையுங்கள். புண்ணாக்கு மட்கும்போது மேலே வெண்பூஞ்சை படரும், பயப்பட வேண்டாம், கிளறிவிட்டால் போதும். கலவையை ஒரு பிடி இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் நார்க்கழிவு.

கீரை விதை தூவினா ஒண்ணுமே முளைக்கல. ஒரு தடவை முளைச்சு, தண்டு சுருங்கி எல்லாம் படுத்துடுச்சு.

முளைக்காததற்குப் பெரும்பாலும் எறும்புதான் காரணம். கீரை விதையை ஒன்றுவிடாமல் இழுத்துப் போய்விடும். விதைத்த பையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு பிடி ரவையோ அரிசி நொய்யோ போட்டுவையுங்கள், எறும்பு அந்தப் பக்கம் போய்விடும். முளை வரும்வரை நான்கு நாள் இப்படிச் செய்தால் போதும். அடுத்து, ஆழம். அரை டீஸ்பூன் விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவி, மேலே மிக மெல்லிசாக உரம் தூவினால் போதும். தண்ணீரைப் பூவாளியால் அல்லது கையால் தெளிக்க வேண்டும். குவளையில் ஊற்றினால் விதை ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும்.

தண்டு சுருங்கிப் படுப்பது நாற்றழுகல். நெருக்கமாக விதைத்து, அடிக்கடி தண்ணீர் விட்டு, காற்றோட்டம் இல்லாவிட்டால் வரும் பூஞ்சை நோய் இது. படுத்த நாற்று எழாது. அந்த இடத்தை எடுத்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கரைத்து மற்ற நாற்றின் தூரில் ஊற்றுங்கள். அடுத்த முறை விதையையும் இரண்டு சிட்டிகை சூடோமோனாஸில் புரட்டி விதையுங்கள்.

எவ்வளவு தண்ணி ஊத்தணும்? ஈரம் இருந்தும் செடி வாடுது.

ஈரம் இருந்தும் வாடினால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். வாட்டத்தைப் பார்த்து மேலும் ஊற்றினால் செடி போய்விடும். ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால், வளர்ந்த செடிக்கு வெயில் காலத்தில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், காலை எட்டு மணிக்குள். அடி ஓட்டைகளில் வேரும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். விரல் வைத்துப் பார்க்கும் பொறுப்பு பிள்ளையுடையது, ஊற்றலாமா வேண்டாமா என்ற முடிவும் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

விதை பாக்கெட்டைப் பிரிச்சா விதையெல்லாம் ரோஸ் கலர்ல இருக்கு. குழந்தை கையில கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ரோஸ், நீலம், பச்சை எனச் சாயம் பூசிய விதை பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி நேர்த்தி செய்தது. பாக்கெட்டின் பின்னால் தைரம் போன்ற மருந்தின் பெயரும் விஷ எச்சரிக்கையும் இருக்கும். பிள்ளைகள் விதையை வாயில் போடுவார்கள், கையைக் கண்ணில் வைப்பார்கள். நேர்த்தி செய்யாத நாட்டு விதை கேட்டு வாங்குங்கள். வெந்தயமும் மல்லியும் அடுக்களையிலேயே இருக்கிறது. மல்லியை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும், முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பையோ செங்கல்லோ ஸ்டாண்டோ வைக்காதீர்கள், பிள்ளை அதன்மேல் ஏறி எட்டிப் பார்க்கும். தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்முக்கு இறுக்கமான மூடி கட்டாயம், குழந்தைக்காகவும் டெங்குக் கொசுவுக்காகவும்.

தெற்குப் பார்த்த பால்கனிதான் இருக்கு. காய் வருமா?

காய்க்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும், கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை தமிழ்நாட்டில் உச்சி வெயில் தலைக்கு மேலும் வடக்கிலும் நிற்கும், உங்கள் பால்கனிக்குள் வராது. புரட்டாசிக்குப் பிறகு சூரியன் தெற்கே சாய, வெயில் உள்ளே இறங்கும். ஆகவே ஆடியில் புதினா, கற்பூரவல்லி, பசலைக்கொடி வையுங்கள். தக்காளி, கத்தரி நாற்றைப் புரட்டாசி கடைசியில் நடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை 8, 10, 12, 2, 4 மணிக்கு வெயில் விழும் எல்லையைப் பிள்ளைகளைச் சாக்பீஸால் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். எந்தப் பை எங்கே என்பது அதில் தெரிந்துவிடும்.

பீர்க்கங்கொடி நல்லாப் படருது, பூவும் கொட்டிக்கிடக்கு, ஒரு பிஞ்சுகூட நிக்கல அக்கா.

தம்பி, முதல் இரண்டு வாரம் வருவது பெரும்பாலும் ஆண்பூ. அது உதிரத்தான் செய்யும். பெண்பூவின் அடியில் விரல்நுனி அளவு குட்டிப் பீர்க்கங்காய் இருக்கும். அதுவும் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. உயரமான மாடிக்குத் தேனீ வருவது குறைவு. பீர்க்கு சாயங்காலம்தான் விரியும், ஐந்து மணிக்கு மேல். பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குச் சரியான வேலை. புதிதாக விரிந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, நடுவில் உள்ள மஞ்சள் பொடியைப் பெண்பூவின் நடுவே மெதுவாகத் தடவ வேண்டும். ஒட்டிக்கொண்டால் மூன்று நான்கு நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கும். சுரை, புடலைக்கும் சாயங்காலம்தான். பூசணி, பாகலுக்கு விடிகாலை. கொடிகளுக்கு 12 அங்குலப் பை போதாது, 40 லிட்டராவது வேண்டும்.

தை மாசம் போட்ட அவரை ஆறு மாசமா கொடியாவே இருக்கு.

பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பூ பிடிக்கும். கொடி நன்றாக இருந்தால் கவாத்து செய்து, அதாவது நீண்ட கொடிகளை வெட்டிக் குறைத்து, வைத்திருங்கள், காய்க்கும். வருடம் முழுக்க வேண்டுமென்றால் செடி அவரை.

வெண்டை இலையில நரம்பெல்லாம் மஞ்சளா வலை மாதிரி தெரியுது. மிளகாயில வெள்ளையா பஞ்சு.

வெண்டைக்கு வந்திருப்பது நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்தில்லை. அந்தச் செடியை உடனே பிடுங்குங்கள், மற்றவற்றுக்கிடையே மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள்.

பஞ்சு போல இருப்பது மாவுப்பூச்சி. பழைய பல்துலக்கியைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள். பிறகு 5 மில்லி வேப்பெண்ணெயை அரை ஸ்பூன் காதி சோப்புக் கரைசலில் முதலில் குழைத்து, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரோடு சேராது, திட்டுத் திட்டாக விழுந்து இலையைக் கருக்கும். வாரம் ஒருமுறை என மூன்று தடவை. எறும்பு தண்டில் ஏறி இறங்கினால் அதையும் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காத்து, செடிவிட்டுச் செடி கொண்டுபோகும். தெளிக்கும்போது பிள்ளைகள் கீழே இருக்கட்டும்.

மாடி ஒழுகும்னு வீட்டுக்காரர் பயப்படுறார்.

நனைந்த பை ஒன்று 20 முதல் 25 கிலோ இருக்கும். தூண், உத்தரம் போகும் வரிசையில் பரப்பி வையுங்கள். தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் வரிசையின் மேலோ இரும்பு ஸ்டாண்டிலோ வைத்தால் அடியில் தண்ணீர் தேங்காது, பெருக்கவும் முடியும். ஏற்கெனவே விரிசல் இருந்தால் பூசிய பிறகுதான் தோட்டம்.