பழைய ஸ்டேஜ் லைட்டுக்கு என்ன விலை கொடுக்கலாம்? கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டது

திருவிழா சீசன் அடங்கினதும் சவுண்ட் சர்வீஸ்காரங்க பழைய லைட்டை தள்ளிவிட ஆரம்பிப்பாங்க. அதனால வந்த கேள்வியில முக்காவாசி "இவ்ளோ சொல்றாங்க, கொடுக்கலாமா?" தான். நேரா உள்ள போயிடலாம்.

எங்க ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல "ஸ்ட்ராண்ட் எலெக்ட்ரிக்"னு தகடு அடிச்ச எட்டு ஸ்பாட் லைட் தூசி படிஞ்சு கிடக்கு. காயலான் கடைக்காரர் கிலோ கணக்குல கேக்குறார், போட்டுடலாமா? (நாடகம் சொல்லித்தர்ற ஆசிரியர், புதுச்சேரி)

போடாதீங்க சார், ரெண்டு நாள் பொறுங்க. ஸ்ட்ராண்ட் லண்டன் கம்பெனி. தகட்டுல 23னு நம்பர் இருந்தா அது 1953-ல வந்த பேட்டர்ன் 23, 500 வாட் ஸ்பாட், உலகம் பூரா ஸ்கூல் மேடை சின்ன மேடைனு ஓடின லைட்டு. பாடி வார்ப்பு அலுமினியம், தகரம் இல்ல, அதனாலதான் இத்தனை வருஷம் கழிச்சும் நிமிர்ந்து நிக்குது.

முதல்ல லென்ஸை கழட்டி வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, ஓரத்துல சில்லு போயிருந்தா பரவாயில்ல, நடுவுல விரிசல் இருந்தா அந்த லைட்டோட விலை பாதி போச்சு. அப்புறம் உள்ள இருக்கிற ரிஃப்ளெக்டர். மங்கியிருந்தா மெல்லிசு துணியில துடைச்சா வந்துடும், கருத்து குழி குழியா அரிச்சிருந்தா வராது. பழைய லைட்ல சொத்துனு இருக்கிறது கண்ணாடி, ரிஃப்ளெக்டர், பாடி இந்த மூணும்தான். பல்பு, ஹோல்டர், ஒயர் எல்லாம் எப்ப வேணா மாத்திக்கலாம், ஆனா மாத்துற செலவை விலையில கழிச்சுதான் பேசணும்.

ஒரு விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. பின்பக்கம் வர்ற ஒயர் மேல வெள்ளையாவோ சாம்பல் கலர்லயோ நூல் பின்னின உறை இருந்தா அது ஆஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அந்தக் காலத்து லைட்ல சூடு தாங்கறதுக்கு அதைத்தான் போட்டாங்க. உரிக்காதீங்க, பிரஷ் போடாதீங்க, வாயால ஊதவே ஊதாதீங்க. லைட்டை அப்படியே பிளாஸ்டிக் கவர்ல கட்டி பசங்க கை படாத இடத்துல வச்சுட்டு, விஷயம் தெரிஞ்ச ஆளை விட்டு சிலிக்கான் ஒயரா மாத்துங்க. அது வரைக்கும் பிளக்ல சொருகக்கூடாது.

விக்கணும்னா கூட கிலோ கணக்கு வேணாம். ஒயிட் டவுன் பக்கம் கஃபே, ஹெரிடேஜ் ஹோட்டல் வச்சிருக்கவங்க இதை ஸ்டாண்டுல நிறுத்தி அழகுக்கு வைக்க கேப்பாங்க. அவங்களுக்கு எரியணும்னு கூட இல்ல, தகடும் பெயின்ட்டும் ஒரிஜினலா இருந்தா போதும், அதனால பளபளன்னு கருப்பு பெயின்ட் அடிச்சு கெடுத்துடாதீங்க. என்னைக் கேட்டா நாலை வித்து அந்தக் காசுல மிச்ச நாலை ரெடி பண்ணி ஸ்கூல் மேடையிலயே மாட்டுங்க, பசங்களுக்கு ஃபோகஸ் பண்ண கத்துக்கொடுக்க இதைவிட நல்ல லைட்டு கிடையாது.

இருபது பார் கேன் (டப்பா மாதிரி இருக்கிற மேடை லைட்டு), ரெண்டு டிம்மர் பேக் (வெளிச்சத்தை ஏத்தி இறக்குற பெட்டி), எல்லாம் சேர்த்து ஒரே ரேட்டுனு சொல்றாங்க. புதுசா சவுண்ட் சர்வீஸ் ஆரம்பிக்கிறேன். (மஞ்சக்குப்பம், கடலூர்)

இங்க மேல சொன்ன கணக்கு அப்படியே தலைகீழ் தம்பி. பார் கேன்ல, அதாவது பார் 64 லைட்ல, கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் பல்புக்குள்ளயே சீல் ஆகி இருக்கு, வெளிய இருக்கிறது வெறும் டப்பா. பல்பு ஃபியூஸ் போனா லைட்டே போன மாதிரிதான். அந்த 1000 வாட் பல்போட ஆயுசு சுமாரா 300 மணி நேரம், அவர் எத்தனை கச்சேரிக்கு எரிச்சாருனு யாருக்கு தெரியும்? அதனால கேனுக்கு கேன் விலை பேசாதீங்க, நல்ல பல்பு எத்தனைனு எண்ணி அதுக்கு மட்டும் பேசுங்க, கேனும் கலர் ஃப்ரேமும் கிளாம்ப்பும் கூட வர்ற சாமான்.

எப்படி எண்றது? மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு பல்பு ஆறின நிலையில அதோட ரெண்டு முனையையும் தொடுங்க. 230 வோல்ட் 1000 வாட் பல்பு எரியும்போது 53 ஓம் கிட்ட இருக்கும், ஆறியிருக்கும்போது மூணுல இருந்து அஞ்சு ஓம்தான் காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா பல்பு காலி. பல்பு பின்னாடி 120 வோல்ட்னு போட்டிருக்கானும் ஒரு தடவை பாருங்க, அது ரெண்டு ரெண்டா சீரிஸ்ல போடுற பல்பு, தனியா நம்ம லைன்ல கொடுத்தா பட்டுனு போயிடும்.

டிம்மரை ஃபுல்லா ஏத்தி இறக்கி காட்டினா நம்பாதீங்க. ஃபேடரை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்) கால்வாசில நிறுத்தி, லோடு போட்டு, அஞ்சு நிமிஷம் வைங்க. அங்க துடிக்காம நின்னா டிம்மர் ஓகே.

ஆனா இதை எல்லாம் தாண்டி ஒண்ணு யோசிங்க. இருபது கேனும் ஒண்ணா எரிஞ்சா 20 கிலோவாட், 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 87 ஆம்பியர். மூணு பேஸ்ல பிரிச்சாலும் பேஸுக்கு 29. கிராமத்து கோயில் திருவிழாவுல அந்த லோடுக்கு ஜெனரேட்டர் டீசல் யார் போடுவா? எல்ஈடி பார் ஒண்ணு 200 வாட்டுக்குள்ள முடிஞ்சிடும். புதுசா தொழில் ஆரம்பிக்கிறவர் எட்டு கேன் போதும்னு வாங்குங்க, மேடைக்கு முன்னாடி மூஞ்சில அடிக்கிற வெளிச்சத்துக்கு ஹாலோஜன் மஞ்சள் இன்னும் அழகுதான், அதுவும் கூத்து வேஷத்துக்கு அரிதாரம் மேல படும்போது மலிவு எல்ஈடி பக்கத்துல நிக்க முடியாது. மிச்சத்துக்கு எல்ஈடி.

செகண்ட் ஹேண்ட் ஷார்ப்பி (தலை சுத்துற மூவிங் ஹெட் பீம் லைட்டு) நாலு பார்த்தேன். டிஸ்ப்ளேல 300 ஹவர்ஸ்தான் காட்டுது. நம்பலாமா? (வில்லியனூர்)

அந்த நம்பரை வச்சு பத்து பைசா கூட கொடுக்காதீங்க. மெனுவுக்குள்ள போய் லாம்ப் ஹவரை ஜீரோ ஆக்கறது ஒரு நிமிஷ வேலை, பல்பு மாத்தினா அப்படித்தான் பண்ணணும், மாத்தாமலும் பண்ணலாம்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல பீம் லைட்டு எதுவா இருந்தாலும் ஷார்ப்பினுதான் சொல்வாங்க. க்ளே பாக்கினு இத்தாலி கம்பெனி 2010-ல விட்டது ஒரிஜினல், 189 வாட் பல்பு. இங்க சுத்துறதுல பெரும்பாலும் சீனாவுல இருந்து வந்த 230 வாட் செட்டு. அது மோசம்னு சொல்லல, ஆனா ஒரிஜினல் பேரைச் சொல்லி ஒரிஜினல் ரேட் கேட்டா எழுந்து வந்துடுங்க.

கவரை கழட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா பேச்சே வேணாம். உள்ள பல்போட நடு உருண்டை கருத்தோ பால் மாதிரி வெளுத்தோ உப்பியோ இருந்தா பல்பு கடைசி கட்டத்துல இருக்கு. கலர் வீல்ல கண்ணாடித் துண்டு ஏதாவது வெடிச்சோ சூட்டுல மங்கியோ இருக்கானு பாருங்க. பெல்ட்டை விரலால அழுத்தி, நூல் பிரிஞ்சிருக்கானு பாருங்க. ஃபேன்ல தூசி அப்பியிருந்தா லைட்டு சூட்டுல வெந்திருக்குனு அர்த்தம்.

அப்புறம் முக்கியமானது, அஞ்சு நிமிஷம் ஆட்டிக் காட்டறது டெஸ்ட்டே இல்ல. தலைகீழா ட்ரஸ்ல (லைட்டு மாட்டுற கம்பிச் சட்டம்) தொங்கவிட்டு ஒரு மணி நேரமாவது ஓட்டுங்க, நடுவுல ரெண்டு தடவை ரீசெட் கொடுங்க. சூடேறினதுக்கப்புறம்தான் மோட்டார் ஸ்டெப் மிஸ் ஆகும், ஒரு தலை மட்டும் பத்து டிகிரி தள்ளி நிக்கும், பேலஸ்ட் (பல்புக்கு கரன்ட் கொடுக்கிற பாகம்) கட் ஆகும். மூவிங் ஹெட்ல போர்டும் மோட்டாரும்தான் உயிர், அதுக்கு ஸ்பேர் கிடைக்கிற மாடல்னா புதுசோட விலையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் போகலாம், அதுவும் பல்பு நாலும் புதுசா போடுற காசை கழிச்சுட்டு. ஸ்பேர் கிடைக்காத மாடல்னா நாலு வாங்காதீங்க, ஒரே மாடல்ல ஆறா சல்லிசா தந்தா வாங்கி ரெண்டை பிரிச்சு வச்சுக்கோங்க.

ஃபெஞ்சல் புயல்ல குடோன்ல தண்ணி வந்து நனைஞ்ச லைட்டாம், காய வச்சுட்டேன் நல்லா எரியுதுனு சொல்றார். (கடலூர் முதுநகர்)

2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரை ஏறின புயல், அங்க மட்டும் ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. நம்ம பக்கம் 2011 டிசம்பர்ல "தானே"ங்கிற புயலும் வந்துச்சு. இந்த ஏரியாவுல பழைய லைட்டு வாங்குற யாரா இருந்தாலும் "எந்தக் குடோன்ல இருந்துச்சு?"னு முதல் கேள்வியா கேக்கணும்.

ஃப்ரெனல் (வட்ட வட்டமா வரி போட்ட லென்ஸ் இருக்கிற லைட்டு), ஸ்பாட் மாதிரி வெறும் பல்பும் லென்ஸும் இருக்கிற லைட்டுனா பயமில்ல. கழுவி, காய வச்சு, ஒயரும் ஹோல்டரும் புதுசு போட்டு, 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) வச்சு ஒயருக்கும் பாடிக்கும் நடுவுல பாருங்க. ஒரு மெகாஓமுக்கு கீழ இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. மூவிங் ஹெட், எல்ஈடினா எரிஞ்சாலும் வேணாம். ஸ்க்ரூ குழிக்குள்ள காஞ்ச சேறு, கனெக்டர் பின்ல பச்சை, போர்டு ஓரத்துல வெள்ளைப் பவுடர் இதுல எது இருந்தாலும் அது ஸ்பேருக்கு மட்டும்தான்.

தேவனாம்பட்டினம் பீச் ஈவன்ட்டுக்கு போய்ட்டு வந்த லைட்டுனு எப்படி கண்டுபிடிக்கிறது?

போல்ட்டைத் திருகுங்க. யோக் (லைட்டைத் தாங்குற வளைஞ்ச பட்டை) போல்ட், கிளாம்ப் போல்ட் ரெண்டும் கையால திரும்பலைன்னா உப்புக்காத்து குடிச்ச லைட்டு. அலுமினியத்துல வெள்ளையா பூத்து விரல்ல மாவு ஒட்டும். பாடிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா கிளாம்ப்பையும் சேஃப்டி ஒயரையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க, தலைக்கு மேல தொங்குற சாமான்.

சோர்ஸ் ஃபோர் ப்ரொஃபைல் (வெளிச்சத்தோட ஓரத்தை வெட்டி வடிவம் கொடுக்கிற ஸ்பாட்) ஆறு, டான்ஸ் ட்ரூப் ஒண்ணு கலைக்கிறாங்க. அதே காசுக்கு புதுசு எல்ஈடி ரெண்டு வரும். எதை வாங்க? (ஆரோவில் பக்கம்)

ஆறையும் வாங்குங்க. இடிசி கம்பெனி 1992-ல விட்ட லைட்டு, 575 வாட் பல்பு, இன்னும் உலகம் பூரா ஓடுது, பல்பும் பார்ட்ஸும் கிடைக்குது, லென்ஸ் ட்யூபை மட்டும் மாத்தி 19, 26, 36 டிகிரினு வச்சுக்கலாம். வெளிச்சத்தை வெட்டுற தகடான ஷட்டர் நாலையும் உள்ள வெளிய இழுத்துப் பாருங்க, சூட்டுல வளைஞ்சிருந்தா சிக்கும், அது மாத்திக்கலாம். ரிஃப்ளெக்டர் கண்ணாடி விரிஞ்சிருந்தா மட்டும் அந்த ஒண்ணை ஒதுக்கிட்டு அஞ்சுக்கு பேசுங்க. ட்யூப் என்ன டிகிரினு மேலயே போட்டிருக்கும், உங்க மேடைக்கும் லைட்டு மாட்டுற கம்பிக்கும் எவ்ளோ தூரம்னு அளந்துட்டு போங்க.

மூணு பின் டிஎம்எக்ஸ் (லைட்டுக்கு கன்ட்ரோல் சிக்னல் வர்ற லைன்) சாக்கெட் இருந்தா விலை குறைக்கலாமா?

வேணாம். அஞ்சு பின்தான் ஸ்டாண்டர்ட், ஆனா ஒரு மாத்து கேபிள் போட்டா வேலை முடிஞ்சுது. சாக்கெட் லூசா ஆடினா குறைச்சுக் கேளுங்க.