வீட்டை அடகு வைப்பதற்கு முன்னால்

அக்கா, போன சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் மூவரும் வந்தபோது, "கவலைப்படாதீர்கள், வழி இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது அது சரியாகப் படவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

மகளின் எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளித் தேர்வு) முடிவில் கணிதத்துக்கு ஏ, உயிரியலுக்கு பி. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க அது போதாது. உங்கள் அண்ணனோ, வீட்டை அடகு வைத்தாவது மூன்றரை லட்சம் வெள்ளி (ரிங்கிட்) கட்டித் தனியாரில் சேர்க்கச் சொல்கிறார். வேண்டாம். இ.பி.எஃப். என்னும் ஓய்வுக்காலச் சேமநிதிப் பணத்தையும் தொடாதீர்கள். படிப்புக்காக எடுக்க அனுமதி இருக்கிறது என்பதற்காக எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. மருத்துவம் முடித்தாலும் நிரந்தர வேலை உறுதியில்லை: 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் நிரந்தர வேலை கேட்டு வெளிநடப்பு செய்ததை உங்கள் அண்ணனும் செய்தியில் பார்த்திருப்பார்.

அன்று நீங்கள் இருவரும் கீழே தேநீர் குடிக்கப் போனபோது, மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். (அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.) நாலு தலைமுறைக் குடும்ப மரம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். உங்கள் அம்மா தாய்மாமனைக் கட்டியவர் என்பதால் அங்கே இரட்டைக்கோடு போட்டிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகத் தேடிக் கற்றதாம்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். தாயும் தந்தையும் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயின் கேரியராக (நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்கிறது பாடப்புத்தகம். ஆனால் தன் சித்தி மகனுக்கு இரத்தம் ஏற்றும் வார்டில் பழகிய குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் பாதிக்கும் மேல் வருகிறதே, புத்தகம் தப்பா?

இரண்டு பிள்ளைகள் உள்ள கேரியர் குடும்பங்கள் 16 என்று வையுங்கள். சராசரியாக ஒன்பது வீட்டில் இரு பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள். அவர்கள் வார்டுப் பக்கமே வருவதில்லை. ஆறு வீட்டில் ஒரு பிள்ளைக்கும், ஒரு வீட்டில் இருவருக்கும் நோய் இருக்கும். வார்டில் நின்று எண்ணுபவர் கண்ணில் படுவது இந்த ஏழு வீடு மட்டும்தான்: 14 பிள்ளைகளில் 8 பேர். வராத வீடுகளையும் சேர்த்தால் 32க்கு 8, சரியாக நாலில் ஒன்று. புத்தகம் தப்பில்லை, எண்ணிய இடம்தான் தப்பு. இந்தப் பிழையைத் திருத்த 1912இல் வழி சொன்னவர் வில்ஹெல்ம் வைன்பெர்க், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வைத்தியம் பார்த்த டாக்டர். அவர் பெயர் இன்றும் நிற்பது வைத்தியத்தால் அல்ல, கணக்கால். இதை உங்கள் அண்ணனிடம் அவசியம் சொல்லுங்கள்.

மரபணுப் புள்ளியியல் என்று இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஹன்டிங்டன் என்னும் பரம்பரை மூளை நோயின் மரபணு நான்காம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1983இல் தெரிய வந்ததற்கு, வெனிசுவேலாவின் ஒரு பெரிய குடும்ப மரமும் முக்கியக் காரணம். நோயும், குரோமோசோமில் இடம் தெரிந்த ஒரு மரபணு அடையாளமும் சேர்ந்தே பிள்ளைகளுக்கு இறங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். தற்செயல் என்பதைவிட, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பது 1000 மடங்கு பொருந்தினால்தான் நம்பலாம் என்று 1955இல் அளவுகோல் வைத்தவர் மரபியல் ஆய்வாளர் நியூட்டன் மார்ட்டன். இவ்வளவு பெரிய மரத்தைக் கிளை கிளையாகச் சுருக்கிக் கணக்கிடும் முறை 1971இல் வந்தது. முறைப்பெண்ணைக் கட்டும் குடும்பங்களில் கிளைகள் திரும்ப வந்து ஒட்டி வளையமாகிவிடுவதால் கணக்கு இன்னும் சிக்கலாகும். நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு அது சொல்லாமலே புரியும்.

பினாங்குத் தீவில், கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யு.எஸ்.எம்.) புள்ளியியலுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். ஃபெரியில் கடந்து பஸ் பிடித்தால் போய்விடலாம், விடுதிச் செலவும் மிச்சம். கட்டணத்துக்கு பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்கக் கல்விக் கடன் போதும். பட்டம் முடித்ததும் இந்தத் துறையின் பெயரில் வேலை விளம்பரம் வராது, முதுகலை வேண்டும். அதற்கு மேல் படிக்க முடியாவிட்டாலும் காப்புறுதி நிறுவனத்திலோ, மருந்துச் சோதனையிலோ, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டிலோ புள்ளியியல் படித்தவருக்கு வேலை இருக்கும்.

இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று அவள் உங்களிடம் இரண்டு முறை சொன்னாளாம். என்னிடம் ஒரு முறைதான் சொன்னாள், எனக்கு அது போதும்.

அடுத்த சனிக்கிழமை உங்கள் அண்ணனையும் அழைத்து வாருங்கள். அந்தத் தாளில் அவருடைய சதுரத்துக்குள் மகள் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள். அவர் இன்னும் இரத்தப் பரிசோதனை எடுக்கவில்லையாம்.