சர்க்கரைக்குத் தினமும் பட்டைப் பொடி சாப்பிடலாமா?

பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடுகிற பட்டையைப் பற்றிப் பயமே வேண்டாம். ஒரு துண்டு போட்டால் அது வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடும். ஆனால் உங்கள் அப்பா வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, தினமும் வெறும் வயிற்றில் ஒரு டீஸ்பூன் பட்டைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

நம் மளிகைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கேசியா வகைப் பட்டைதான். அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ இருப்பவருக்கு 6 மில்லிகிராம். கேசியாப் பொடியில் கிராமுக்குச் சுமார் 3 மில்லிகிராம் கூமரின் இருக்கும். டீஸ்பூனுக்கு இரண்டு கிராமுக்குக் குறையாமல் பொடி பிடிக்கும். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

சரி, சர்க்கரையாவது குறையுமா? 2003இல் பாகிஸ்தானில் 60 பேருக்கு 40 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகவே இறங்கியது. பட்டைக்குப் பேர் வாங்கித் தந்த ஆய்வு அது. பிறகு வந்தவற்றில் அதே பலன் சீராகக் கிடைக்கவில்லை. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றது. பட்டையை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடுகிறார்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை.

என் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. டீயில் பட்டை வாசனை வேண்டும் அவருக்கு. நான் இலங்கைப் பட்டை, அதாவது அங்கே கறுவா என்பார்களே, அதைத்தான் வாங்கித் தருகிறேன். கூமரின் அதில் மிகமிகக் குறைவு. பார்த்தாலே தெரியும்: காகிதம் போன்ற மெல்லிய ஏடுகள் பல, சுருட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் நெரித்தாலே நொறுங்கும். கேசியா தடித்த ஒற்றைப் பட்டை, கல் மாதிரி இருக்கும், நாக்கில் சுள்ளென்று உறைக்கும். விலை பல மடங்கு வித்தியாசப்படும். பொடியாக வாங்கினால் எது என்று கண்டுபிடிக்க முடியாது; 2024இல் அமெரிக்காவில் சில பட்டைப் பொடிகளில் ஈயம் அதிகம் இருப்பதாக எச்சரிக்கையே வந்தது. முழுப் பட்டையாக வாங்கி வீட்டில் பொடித்துக்கொள்ளுங்கள்.

கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் மருந்துபோலப் பட்டை எடுக்கவே கூடாது. அடுத்த முறை அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கும்போது கல்லீரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் எல்.எஃப்.டி. பரிசோதனையும் சேர்த்து எடுக்கலாமா என்று கேளுங்கள். எத்தனை மாதமாகக் குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.