ஆங்கிலத்தில் ‘இஃப்’ வரும் வாக்கியங்களில் ‘வில்’ எப்போது, ‘வுட்’ எப்போது? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது ஏன் இவ்வளவு குழப்புகிறது?

கேள்வி கேட்டவர், பள்ளியில் இந்த இஃப் வாக்கியங்களை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று மனப்பாடம் செய்ததாகவும், தேர்வுத் தாளில் சரியாக எழுத முடிந்தாலும் வாயைத் திறந்தால் வில்லும் வுட்டும் இடம் மாறிவிடுவதாகவும், அடுத்த மாதம் ஒரு நேர்முகத் தேர்வு இருப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்த வாக்கியங்களை நான் புத்தகத்தில் கற்றதைவிட, விருந்தினர்களுக்குப் பதில் எழுதித் தவறு செய்து கற்றதே அதிகம் என்பதால், அந்த வழியிலேயே விளக்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், வெளிநாட்டைச் சேர்ந்த ஒரு வயதான தம்பதியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘இஃப் வி கேம் பை த லாஸ்ட் பஸ், வுட் சம்ஒன் மீட் அஸ் அட் த பஸ் ஸ்டாண்ட்?’ என்று கேட்டிருந்தார்கள். ‘கேம்’ என்பது இறந்தகாலம் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருந்த நான், அவர்கள் கடைசிப் பேருந்தில் வந்து இறங்கியும் அழைத்துப் போக யாரும் வரவில்லை என்று முறையிடுகிறார்கள் எனப் புரிந்துகொண்டு, மனம் பதைத்து, நீண்ட மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் மேலாளர் என்னை அருகில் அழைத்து உட்காரவைத்து, “தம்பி, அவங்க இன்னும் வீட்டை விட்டே கிளம்பலை. வந்தா ஆள் வருவாங்களான்னு கேக்குறாங்க” என்றார். அந்த ‘வந்தா’ என்ற ஒரு சொல்லில்தான் எனக்கு இலக்கணம் திறந்தது.

‘வந்தால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அதில் ‘ஆல்’ நிபந்தனையைக் காட்டும் விகுதி. அதற்கு முன்னால் நிற்கும் ‘வந்த்’ என்பது, ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்பவற்றில் இருக்கிற அதே இறந்தகால வடிவம். ‘ஓடினால்’ என்பதில் ‘ஓடினான்’ இருக்கிறது. ‘பெய்தால்’ என்பதில் ‘பெய்தது’ இருக்கிறது. நாளைக்கு நடக்கப் போவதைப் பற்றிப் பேசும்போதும் ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்று இறந்தகால இடைநிலையை வைத்தே நாம் பேசுகிறோம், அதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. நன்னூல் இந்தப் பொருளில் வரும் ‘செயின்’ என்னும் வாய்பாட்டை எதிர்கால வினையெச்சங்களோடு சேர்த்துச் சொல்கிறது; இன்றைய தமிழில் அந்த இடத்தை எடுத்துக்கொண்ட ‘செய்தால்’ இறந்தகால உருவத்தோடு அதே வேலையைச் செய்கிறது. ஆகவே, நடக்காத ஒன்றுக்கு ஆங்கிலேயர் ஏன் இறந்தகாலத்தைப் போடுகிறார்கள் என்று வியப்பதற்குத் தமிழருக்குக் காரணமே இல்லை. இதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்; சொல்லியிருந்தால் அந்த மன்னிப்புக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அப்படியானால் குழப்பம் எங்கிருந்து வருகிறது? தமிழில் சூழ்நிலையிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ளும் ஒரு செய்தியை, ஆங்கிலத்தில் வினைச்சொல்லே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அந்தச் செய்தி, பேசுபவர் அந்த நிபந்தனையை நடக்கக்கூடியதாக நினைக்கிறாரா, வெறும் கற்பனையாக நினைக்கிறாரா என்பது. இங்கே விருந்தினர்கள் ஓயாமல் கேட்கும் குறிஞ்சிப் பூவையே எடுத்துக்கொள்கிறேன். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. இந்த மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. அந்தக் கணக்கின்படி அடுத்தது 2030. ‘2030இல் வந்தால் பார்க்கலாம்’ என்பது நடக்கக்கூடிய செய்தி. ‘ஆண்டுதோறும் பூத்தால் மலையே எப்போதும் நீலமாக இருக்கும்’ என்பது நடக்காத கற்பனை. தமிழில் ‘வந்தால்’, ‘பூத்தால்’ இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். கேட்பவர் உலக அறிவைக் கொண்டு வேறுபாட்டைப் புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் முதலாவது, ‘இஃப் யூ கம் இன் 2030, யூ வில் சீ இட்.’ இரண்டாவது, ‘இஃப் இட் ஃப்ளவர்ட் எவ்ரி இயர், த ஹில்ஸ் வுட் பி ப்ளூ எவ்ரி இயர்.’ நடக்கக்கூடியதற்கு நிகழ்கால வினையும் வில்லும் வருகின்றன; பள்ளியில் முதல் வகை என்றது இதுதான். கற்பனைக்கு, அதாவது இரண்டாம் வகைக்கு, வினை ஒரு படி பின்னால் போய் இறந்தகால வடிவம் எடுக்க, வில்லும் கூடவே ஒரு படி பின்னால் போய் வுட் ஆகிறது. இந்தப் பின்னடைவு காலத்தில் ஏற்படுவதன்று. உண்மையிலிருந்து பேச்சு விலகி நிற்கும் தூரத்தை அது காட்டுகிறது.

எந்த வடிவம் என்பதை முடிவு செய்வது நிகழ்ச்சி அன்று, பேசுபவரின் எண்ணமே. வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் மாதத்தில், பேரிஜம் ஏரிக்குப் போக நினைப்பவர் ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, வி வில் ஸ்டே இன்’ என்றுதான் சொல்வார். வானம் பளிச்சென்று இருக்கும் பிப்ரவரியில் அதே மனிதர் ‘இஃப் இட் ரெயின்ட் டுமாரோ, வி வுட் ஸ்டே இன்’ என்று சொன்னால், மழை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது அந்த வினை வடிவ மாற்றத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு வந்த மின்னஞ்சலில் ‘கேம்’ என்று இருந்ததும் இந்த வகைதான். கடைசிப் பேருந்தில் வருவது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை, அதோடு கேட்பதைச் சற்றுத் தள்ளி நின்று பணிவாகக் கேட்டார்கள். நாம் ‘ஜன்னலைத் திறந்தால் உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?’ என்று கேட்பதைப் போல, அவர்கள் ‘வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட் த விண்டோ?’ என்று கேட்பார்கள். பணிவும் ஒரு வகைத் தூரம்தானே.

மூன்றாம் வகை என்று பயமுறுத்தப்படுவது, அதாவது முன்பு நடக்காமல் போனதைச் சொல்வது, உண்மையில் தமிழருக்கு மிக எளிது. ‘2018இல் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள்’ என்ற வாக்கியத்தில் ‘இருந்தால்’ இருக்கும் இடத்தில் ‘ஹேட்’, ‘இருப்பீர்கள்’ இருக்கும் இடத்தில் ‘வுட் ஹேவ்’: ‘இஃப் யூ ஹேட் கம் இன் 2018, யூ வுட் ஹேவ் சீன் இட்.’ ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவை. ‘அவர் நேற்று வந்திருந்தால் சாவியை மேசையில் வைத்திருப்பார்’ என்று நாம் சொல்லும்போது, அவர் வந்தாரா என்று தெரியாமல் சொல்கிறோமா, அவர் வரவில்லை என்று தெரிந்தே சொல்கிறோமா என்பது குரலையும் சூழலையும் பொறுத்தது. ஆங்கிலத்தில் இவை இரண்டு வெவ்வேறு வாக்கியங்கள். தெரியாமல் சொன்னால், ‘இஃப் ஹி கேம் யெஸ்டர்டே, ஹி வில் ஹேவ் லெஃப்ட் த கீ.’ வரவில்லை என்று தெரிந்து சொன்னால், ‘இஃப் ஹி ஹேட் கம் யெஸ்டர்டே, ஹி வுட் ஹேவ் லெஃப்ட் த கீ.’ முதல் வாக்கியத்தில் ‘கேம்’ உண்மையான இறந்தகாலம்தான். இரண்டாம் வகைக்கு எப்போதும் ‘கேம்’, முதல் வகைக்கு எப்போதும் ‘கம்’ என்ற அட்டவணையை மட்டும் நம்பியிருப்பவர்கள் இந்த வாக்கியத்தில் தடுமாறுவார்கள். அட்டவணை தவறு என்று நான் சொல்லவில்லை. அது மொழியில் ஒரு பங்கைத்தான் காட்டுகிறது.

தொலைபேசியில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘ஐ ஹேட்’ என்பதும் ‘ஐ வுட்’ என்பதும் பேச்சில் ஒன்றுபோலவே ‘ஐட்’ என்று சுருங்கிவிடும். ‘இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் டோல்ட் யூ’ என்பதைக் கேட்கும் காதுக்கு இரண்டும் ஒரே சொல்லாகத் தோன்றுவதால், பலரும் எழுதும்போது ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று இரு பக்கமும் வுட்டைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்து வரும் சொல்லைப் பார்த்தால் தெளிவாகிவிடும்: ‘நோன்’, ‘சீன்’ போன்ற மூன்றாம் வடிவம் நேராக வந்தால் அது ஹேட், ‘ஹேவ்’ வந்தால் அது வுட்.

நூறு சதவீதம் பொதுவான உண்மைகளுக்கு இரு பக்கமும் நிகழ்காலம் வரும் என்பதற்கு எல்லாப் புத்தகங்களும் தரும் எடுத்துக்காட்டு, நீரை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் கொதிக்கும் என்பது. எங்கள் ஊரில் இது உண்மை இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கொடைக்கானலில் நீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாத அடுப்பில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். எங்களுக்குப் பொருந்தும் வாக்கியம் ‘இஃப் யூ பாயில் வாட்டர் ஹியர், இட் பாயில்ஸ் அட் அபவுட் 93 டிகிரீஸ்’ என்பது. இதே செய்தியைக் கற்பனைக்கு நகர்த்தினால், ‘இஃப் கொடைக்கானல் வெர் அட் சீ லெவல், வாட்டர் வுட் பாயில் அட் 100 டிகிரீஸ் ஹியர்’ என்றாகும். இங்கே ‘வாஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘வெர்’ வந்திருப்பதைக் கவனியுங்கள். ‘இஃப் ஐ வெர் யூ’ என்பதும் இப்படித்தான். பேச்சில் ‘வாஸ்’ என்பவர்களும் உண்டு. எழுத்திலும் நேர்முகத் தேர்விலும் ‘வெர்’ பாதுகாப்பானது.

நாம் மிக அதிகமாகச் செய்யும் பிழை ‘இஃப் யூ வில் கம்’ என்பது. இதில் தமிழ்க் காதை நம்பினாலே போதும். ‘வந்தால்’ என்கிறோமே தவிர, ‘வருவான்’ என்பதில் உள்ள எதிர்கால வடிவத்தோடு ‘ஆல்’ சேர்த்து எவரும் பேசுவதில்லை. நிபந்தனைப் பகுதிக்குள் எதிர்காலத்தைத் திணிக்கத் தமிழும் பொதுவாக அனுமதிப்பதில்லை, ஆங்கிலமும் பொதுவாக அனுமதிப்பதில்லை. பிறகு ஏன் இந்தப் பிழை? ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்’ என்ற வாக்கியத்தைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்த இஃப் வேறு. ‘வருவாரா என்று தெரியவில்லை’ என்பதில் உள்ள ‘ஆ’வின் வேலையை அது செய்கிறது, அங்கே நிபந்தனை எதுவும் இல்லை. இன்னொரு விலக்கு, இசைவைக் கேட்கும்போது வருவது: ‘இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் கால் த மேனேஜர்.’ இங்கே வில் எதிர்காலத்தைச் சொல்லவில்லை, தயவுசெய்து காத்திருக்க இசைந்தால் என்கிறது.

‘ஆல்’ எல்லாம் ‘இஃப்’ ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘விடிந்தால் தீபாவளி’ என்கிறோம். விடியாமல் போகும் வாய்ப்பே இல்லை. அங்கே இஃப் போட்டால் சூரியன் உதிப்பதையே சந்தேகிப்பது போலாகிவிடும். நடப்பது உறுதி என்றால் ‘வென்’ தான். ‘அன்லெஸ்’ என்பதில் மறுப்பு ஏற்கெனவே அடங்கியிருப்பதால் அதோடு ‘நாட்’ சேர்க்கக் கூடாது. 2024 மே மாதத்திலிருந்து இங்கே வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் தேவைப்படுவதால், விருந்தினருக்கு நான் எழுதும் வரி ‘யூ கேனாட் என்டர் அன்லெஸ் யூ ஹேவ் அன் இ-பாஸ்’ என்பது. ‘அன்லெஸ் யூ டோன்ட் ஹேவ்’ என்று எழுதியிருந்தால், பாஸ் இல்லாதவர் மட்டும் வரலாம் என்ற பொருள் வந்திருக்கும்.

இனி உங்கள் நேர்முகத் தேர்வு. அங்கே பெரும்பாலும் ‘வாட் வுட் யூ டூ இஃப் எ கஸ்டமர் ஷவுட்டட் அட் யூ?’ என்ற வடிவில்தான் கேள்வி வரும். கேட்பவர் வுட் என்றால் நீங்களும் வுட் என்று தொடங்குங்கள். கேள்வியின் வினை எந்தப் படியில் நிற்கிறதோ அதே படியில் பதிலும் நிற்க வேண்டும். ‘ஐ வுட் லிஸன் ஃபர்ஸ்ட், அண்ட் தென் ஐ வுட் அபாலஜைஸ்’ என்பது போதும். இஃப் பகுதியைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ‘வாட் வில் யூ டூ இஃப் வி செலக்ட் யூ?’ என்று கேட்டால், அவர்கள் உங்களை எடுக்கக்கூடும் என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள், வில்லிலேயே பதில் சொல்லுங்கள். பயிற்சிக்கு ஒவ்வொரு நாளும் இரவில், அன்று நடக்காமல் போன ஒன்றைத் தமிழில் ‘இருந்தால், இருப்பேன்’ என்று ஒரு வரியும், நாளைக்கு நடக்கக்கூடியதை ‘ஆல்’ வைத்து ஒரு வரியும், நடக்கவே நடக்காத ஒன்றை ‘ஆல்’ வைத்து இன்னொரு வரியும் எழுதி, இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில் தமிழ் காட்டாத வேறுபாட்டை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான் இரவுப் பணியில், தொலைபேசி ஒலிக்காத நேரங்களில், விருந்தினர் பதிவேட்டின் பின்பக்கத் தாள்களில் இப்படி எழுதிப் பழகினேன்; மூன்று வாரத்தில் கை தயங்குவது நின்றது, வாய் பழகச் சற்று அதிக நாள் ஆயிற்று.