சேஃப்டி படிக்கலாமா?

(29 வருடம் தொழிற்சாலைகளில் சேஃப்டி ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவர், தொழிற்பாதுகாப்பு மேற்படிப்பு பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து, ஒரு ஃபோர்ஜிங் (இரும்பைக் காய்ச்சி அடித்து வடிவமாக்கும்) கம்பெனியில் மூன்று வருடமாக ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். சேஃப்டி பக்கம் போக ஆசை. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் எம்.இ. படிப்பதா, சென்னை தரமணியில் ஓராண்டு டிப்ளமோ போதுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, உங்கள் கையில் இருக்கும் மூன்று வருட அனுபவத்துக்குத்தான் முதல் மதிப்பு. சேஃப்டி ஆபீசராக நியமிக்க விதிகள் மூன்று தகுதி கேட்கின்றன. ஒன்று, இன்ஜினியரிங் பட்டமும் தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்பில் குறைந்தது 2 வருட அனுபவமும். இரண்டாவது, மாநில அரசு ஏற்ற தொழிற்பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமோவோ. மூன்றாவதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை: அந்த வட்டாரத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, நியமனத்துக்கு டிப்ளமோ போதும். தரமணியில் மத்திய அரசின் ரீஜினல் லேபர் இன்ஸ்டிடியூட் நடத்தும் ஓராண்டுப் படிப்பில் உங்களோடு உட்காருபவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஆலையில் அடிபட்டு வந்தவர்களாக இருப்பார்கள். வகுப்பைவிட டீக்கடையில் அவர்கள் பேசுவதில் அதிகம் கற்கலாம். நான் அப்படித்தான் கற்றேன்.

எம்.இ., எம்.டெக். வேறு தளம். திருச்சி என்.ஐ.டி.யில் இண்டஸ்ட்ரியல் சேஃப்டி எம்.டெக். இருக்கிறது, கேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள சில கல்லூரிகளிலும் எம்.இ. உண்டு. ஒரு குழாயில் ஓட்டம் நின்றால், தலைகீழாக ஓடினால், சூடு ஏறினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டுப் பார்க்கும் ஹஸாப் போன்ற முறைகளை அங்கே ஆழமாகச் சொல்லித்தருவார்கள். ரசாயன ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு, டிசைன் ஆலோசனை என்று போக ஆசை இருந்தால் அந்த இரண்டு வருடம் வீண்போகாது. ஃபோர்ஜிங் ஷாப்பிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் டிப்ளமோ போதும்.

பி.இ. முடித்த கையோடு எம்.இ. சேர்ந்துவிடுகிற பிள்ளைகளைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. பட்டம் கையில் இருக்கும், அந்த 2 வருட அனுபவம் இருக்காது. அப்புறம் ‘சேஃப்டி டிரெய்னி’ என்று சேர்ந்து போஸ்டர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

வேலைவாய்ப்பு கூடத்தான் செய்யும். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் பொதுவாக 1,000 பேராவது வேலைசெய்யும் ஆலைக்குத்தான் சேஃப்டி ஆபீசர் கட்டாயம் என்றது. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 500 ஆக்கியது, அபாயகரமான வேலை நடக்கும் ஆலைக்கு 250. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், அந்தப் படிப்பை நம் மாநிலம் ஏற்றிருக்கிறதா என்று தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தில் (நாம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் என்போமே, அதுதான்) கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மொழி விஷயத்தை மறக்க வேண்டாம். உங்கள் ஷாப்பில் ஹாமர் பக்கத்தில் நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும்? நான் ஐம்பது வயதுக்குமேல்தான் இந்தி படித்தேன். முதலில் கற்ற சொல் ‘ருக்கோ’. நில் என்று அர்த்தம்.

கேள்வி: பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய லேபில் ஆறு வருடமாக இருக்கிறேன். எனக்கு சேஃப்டி படிப்பில் இடம் உண்டா? ‘பொம்பளைக்கு எதுக்கும்மா டேங்க் வேலை’ என்கிறார் மேனேஜர்.
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: தாராளமாக உண்டு. இயற்பியல் அல்லது வேதியியல் பட்டம் இருந்தால் 5 வருட மேற்பார்வை அனுபவத்தோடு டிப்ளமோ வழியில் வரலாம். எம்.இ. பொதுவாக இன்ஜினியரிங் படித்தவர்களுக்குத்தான். ஒரு காரியம் உடனே செய்யுங்கள் அம்மா: உங்கள் அனுபவச் சான்றிதழில் ‘லேப் கெமிஸ்ட்’ என்று மட்டும் இருந்தால் சிக்கல். உங்களுக்குக் கீழே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், ஷிப்ட் உங்கள் பொறுப்பு என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

மேனேஜருக்குப் பதில் சொல்வதற்கு முன் என் கதை ஒன்று. எந்த ஆலை என்பது வேண்டாம். கழிவுநீர்த் தொட்டியில் அடிச்சேறு அள்ளும் வேலை. தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் தகுதியுள்ளவர் காற்றைச் சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ம் பிரிவு. காலை ஒன்பதுக்கு நானே கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் இறக்கிப் பார்த்தேன். ஆக்சிஜன் 20.9 சதவீதம், குறை ஒன்றுமில்லை. 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு லேசாகத்தான் காட்டியது. உள்ளே காற்றை ஊதும் புளோயர் ஓடுகிறது, பெல்ட்டும் கயிறும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன், மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே பெர்மிட்டில் மறுபடி இறங்கியிருக்கிறார்கள். புளோயரை வெல்டிங் பக்கம் யாரோ தூக்கிப்போய்விட்டார்கள். மண்வெட்டியால் சேற்றைக் கிளறக் கிளற அதற்குள் அடைந்திருந்த வாயு வெளியே வந்தது. காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். உள்ளே நின்றவர் முழங்கால் மடங்கி உட்கார்ந்தார். இன்னொருவர் குதிக்கப்போனார், மேலே நின்ற பெரியவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். இரண்டு பேரும் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்தப் பிடிதான் காரணம். இந்த மாதிரி விபத்துகளில் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போவது வழக்கம்.

“ஏன் இறங்கினீங்க?” என்று பிறகு கேட்டேன். “காலைல நாத்தம் இருந்துச்சு சார். அப்புறம் நாத்தமே இல்ல, சரியாப் போச்சுன்னு நினைச்சோம்” என்றார் அந்தப் பெரியவர். கெமிஸ்ட்ரி படித்த உங்களுக்கு விளங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை வாடை கொஞ்சம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும், 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும். வாடை நின்றதுதான் ஆபத்து. எனக்கு இது தெரியும். டிப்ளமோ பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

உங்கள் மேனேஜரிடம் இதைச் சொல்லுங்கள். கயிற்றில் மீட்டரை இறக்கி எண்ணைப் படிக்க மீசை தேவையில்லை.

கேள்வி: எம்.இ. சேஃப்டி இரண்டாம் ஆண்டு. ஆய்வுக்கு ‘ஹெல்மெட் அணிவது பற்றிய விழிப்புணர்வு’ என்று தலைப்பு யோசித்திருக்கிறேன். சரியா?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். நூறு பேரிடம் படிவம் கொடுத்து, ‘விழிப்புணர்வு தேவை’ என்று முடிப்பீர்கள். ஆபத்தை ஒழி, முடியாவிட்டால் மாற்று, மெஷினில் தடுப்பு போடு, வேலை முறையைத் திருத்து, கடைசியாகத்தான் ஹெல்மெட், கிளவுஸ் என்று முதல் செமஸ்டரிலேயே படித்திருப்பீர்களே. கடைசிப் படியில் ஏன் நிற்கிறீர்கள்?

உங்கள் ஊரிலேயே பவர் பிரஸ் ஓடும் சின்ன ஷெட்டுகள் எத்தனை! இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும், அப்போதுதான் கை அச்சுக்குள் போகாது. போய்ப் பாருங்கள், ஒரு பட்டனில் மரச்சிம்பு செருகியிருக்கும். ‘ஒழுங்கில்லாத லேபர்’ என்பார் முதலாளி. நான் ஒரு அம்மாவிடம் கேட்டேன். “பட்டன் ரெண்டும் தோளுக்கு மேல இருக்குங்க சார், ஐந்நூறு பீஸ் அடிச்சா ராத்திரி கை தூக்க முடியலைங்க” என்றார். உயரமான ஆணை மனதில் வைத்துப் பொருத்திய பட்டன். அரை நொடிக்குள் இரண்டையும் அழுத்தி, ஒவ்வொரு அடிக்கும் விட்டு அழுத்தினால்தான் ஓடும் கன்ட்ரோலும் உண்டு, சிம்பு செருகி ஏமாற்ற முடியாது. பட்டன் உயரம், தோள் வலி, பீஸ் கணக்கில் தரும் கூலி, சிம்பு – இந்த நான்கையும் அளந்து எழுதுங்கள். உங்கள் கைடு முணுமுணுத்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘நெபோஷ் முடித்தால் துபாயில் லட்சத்தில் சம்பளம்’ என்று விளம்பரம் பார்த்தேன். மகன் பி.ஏ. முடித்திருக்கிறான். சேர்க்கலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: நெபோஷ் பிரிட்டனின் தொழிற்பாதுகாப்புத் தேர்வு அமைப்பு, 1979-ல் வந்தது, நல்ல பாடத்திட்டம். வளைகுடாக் கம்பெனிகள் அதைக் கேட்பதும் உண்மை. ஆனால் நம் ஊர் ஆலையில் சேஃப்டி ஆபீசராக உட்கார அது மட்டும் போதாது. அங்கேயும் சைட் அனுபவம் இல்லாதவரை எடுப்பது அபூர்வம். மகன் ஏதாவது ஒரு கட்டட சைட்டில் ஆறு மாதம் சேஃப்டி ஸ்டூவர்டாக நிற்கட்டும். சித்திரை வெயிலில் சாரத்துக்குக் கீழே நின்று பார்த்துவிட்டும் ஆசை மிச்சம் இருந்தால் பணத்தைக் கட்டுங்கள். விளம்பரம் கொடுத்தவரிடம், போன பேட்ச்சில் துபாய் போன ஒருவருடைய போன் நம்பர் கேளுங்கள்.