சேகோ (ஜவ்வரிசி) ஆலை பயோகேஸைச் சின்கேஸாக்கும்போது (ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு கலவையாக மாற்றும்போது) நிக்கல் வினையூக்கி ஏன் சீக்கிரம் செத்துப்போகிறது?

தருமபுரிப் பக்கம் சேகோ ஆலைக் கழிவுநீரில் கிடைக்கும் பயோகேஸ் என்றால் முதலில் கந்தகத்தைப் பாருங்கள். ஹைட்ரஜன் சல்பைடு சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) இருந்தாலே நிக்கலின் மேற்பரப்பு அடைபடும். இரும்பு ஆக்சைடு படுகை, அடுத்து ஆக்டிவேட்டட் கார்பன். இந்த இரண்டையும் தாண்டித்தான் வாயு உலைக்குப் போக வேண்டும்.

அடுத்த எதிரி கரி. மீத்தேன் சுமார் 60, கார்பன் டை ஆக்சைடு 40 சதவீதம் என்றால், மீத்தேனின் கார்பனை எல்லாம் கார்பன் மோனாக்சைடாக்க ஆக்சிஜன் போதாது. நீராவி சேர்த்தே ஆக வேண்டும். உலை 700 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கார்பன் மோனாக்சைடே பிரிந்து கரியாகப் படியும். 800-ஐ ஒட்டி ஓட்டுங்கள்.

நானோ தாங்கியின் (நிக்கலைச் சுமக்கும் நுண்துளைத் தூள், இங்கே காமா அலுமினா) வேலை, நிக்கல் துகள்களை 10 நானோமீட்டருக்குள் பிரித்து வைப்பது. பெரிய துகளில்தான் கரி இழை வேகமாக வளரும். 10 கிராம் வினையூக்கிக்கு 9 கிராம் காமா அலுமினா, 5 கிராம் நிக்கல் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் (10 சதவீத நிக்கல்). நைட்ரேட்டை, அலுமினாவின் துளைகள் குடிக்கும் அளவு தண்ணீரில் கரைத்து அதன்மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தூள் ஈரமாகலாம், சேறாகக் கூடாது. சேறானால் உலரும்போது நிக்கல் வெளிப்பக்கம் திரண்டுவிடும். 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, 500-இல் 4 மணி நேரம் சுடுங்கள். அப்போது நைட்ரேட்டிலிருந்து வரும் பழுப்புப் புகை நச்சு, புகைக்கூண்டு கட்டாயம். 800-க்கு மேல் சுட்டால் நிக்கல் அலுமினேட்டாகி, உலோக நிக்கலாக ஒடுக்கவே அடம்பிடிக்கும். கொஞ்சம் சீரியா (சீரியம் ஆக்சைடு) சேர்த்தால் கரி எரிந்து போக உதவும். என் ஓட்டு அதற்குத்தான்.

உலையை அணைக்கும்போது 200 டிகிரிக்கு வெகு முன்பே நைட்ரஜனால் கழுவிவிடுங்கள். குளிர்ந்த நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தால் நிக்கல் கார்போனைல் உண்டாகும், உயிருக்கே ஆபத்து.